இரண்டு புள்ளியில் கை நழுவிய சீசன்: ஸ்காட்லாந்தின் இரண்டாம் டிவிஷன் மைதானங்கள் வழியாக

செவ்வாய், கிளாஸ்கோ

ஸ்காட்லாந்துக்குப் போகிறேன் என்றதும் கோட்டை, ஏரி, விஸ்கி என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் இந்த 2025 ஜூன் மாதம் நான் லீட்ஸிலிருந்து ரயில் ஏறி வந்தது ஒரு கால்பந்து சீசனுக்காக. அதுவும் நடந்துகொண்டிருக்கிற சீசன் இல்லை, 2021-22ல் முடிந்துபோன சீசன். ஸ்காட்டிஷ் சாம்பியன்ஷிப் என்கிற இரண்டாம் டிவிஷனில் ஆர்ப்ரோத் என்ற சின்ன மீன்பிடி ஊரின் அணி, பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருகிற ஆட்களை வைத்துக்கொண்டு, முதலிடத்துக்கு இரண்டு புள்ளி குறைவில் வந்து நின்றது. அந்த வருடம் வெள்ளிக்கிழமை இரவுகளில் டிவியில் ஆட்டம் ஆட்டமாக அதைப் பார்த்தேன். இந்த வருடம் 2025ல் அதே அணி மூன்றாம் டிவிஷனை வென்று சாம்பியன்ஷிப்புக்குத் திரும்புகிறது, அதனால் புது சீசன் தொடங்குவதற்கு முன்னால் அந்த மைதானங்களையெல்லாம் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

லீக் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும். மொத்தம் பத்து அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடு நான்கு முறை ஆட வேண்டும், சொந்த ஊரில் இரண்டு, அவர்கள் ஊரில் இரண்டு, ஆக 36 ஆட்டங்கள். முதலிடம் பிடித்தவர் நேராக மேலே, முதல் டிவிஷனான பிரீமியர்ஷிப்புக்குப் போய்விடுவார். இரண்டு, மூன்று, நான்காம் இடக்காரர்களுக்கு பிளே-ஆஃப், அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் கூடுதல் ஆட்டங்கள்; அதில் தேறுகிறவர் இறுதிச் சுற்றில் பிரீமியர்ஷிப்பின் 11ஆம் இடத்து அணியை வென்றால்தான் மேலே போகலாம். கடைசி இடம் நேராகக் கீழே. ஒன்பதாம் இடத்துக்காரர் கீழே போகாமலிருக்க இன்னொரு பிளே-ஆஃப் ஆட வேண்டும். பத்தே அணிகள் என்பதால் நிம்மதியாக நடுவில் உட்கார்ந்திருக்க இடமே கிடையாது. ஐந்தாம் இடத்தில் இருக்கிற அணி மூன்று ஆட்டம் தோற்றால் ஒன்பதாம் இடத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

சாயங்காலம் ஃபர்ஹில் மைதானத்துக்கு நடந்தே போனேன். பார்டிக் திஸ்ஸில் அணியின் ஊர். பெயரில் பார்டிக் இருந்தாலும் அவர்கள் 1909லிருந்து மேரிஹில் பகுதியில்தான் இருக்கிறார்கள். மைதானத்தை ஒட்டி ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாய் ஓடுகிறது, கரையில் ஏறி நின்றால் ஸ்டாண்டின் பின்பக்கம் முழுக்கத் தெரியும். கேட் பூட்டியிருந்தது. கால்வாய் ஓரம் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் திஸ்ஸில் சட்டை போட்டிருந்தார், சிவப்பும் மஞ்சளும் கறுப்பும். நின்று பேசினார். ஆர்ப்ரோத் சீசனைப் பற்றிக் கேட்டால் அவர் 2023 பிளே-ஆஃபைப் பற்றித்தான் பேசுகிறார். அதுவும் நியாயம்தான். அந்த வருடம் திஸ்ஸில் நான்காம் இடத்தில் முடித்து, இரண்டு சுற்றுகளைக் கடந்து, இறுதிச் சுற்றில் பிரீமியர்ஷிப்பின் 11ஆம் இடத்து ராஸ் கவுன்ட்டியை இங்கே 2-0 என்று வென்றது. ராஸ் கவுன்ட்டியின் ஊரான டிங்வாலில் நடந்த இரண்டாவது ஆட்டத்திலும் முதல் கோல் இவர்களுடையது. இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தக் கணக்கில் 3-0. அங்கிருந்து மூன்று கோல் வாங்கி, பெனால்டியில் தோற்றார்கள். அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்ததை அவர் சொன்னபோது எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தொண்டை அடைத்தது.

புதன், கிரீனக்

கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து கிளைட் நதியை ஒட்டியே போகிற ரயில். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், பாதி வழிக்கு மேல் தண்ணீர்தான். கார்ட்ஸ்டைக் ஸ்டேஷனில் இறங்கினால் கேப்பிலோ மைதானம் பக்கத்திலேயே. மோர்டன் அணி 1879லிருந்து இங்கேதான் ஆடுகிறது.

கேப்பிலோ பழைய மைதானம், பழையது என்று மறைக்காத மைதானம். ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் இன்னமும் திறந்த வெளி, பக்கத்து ஜேம்ஸ் வாட் டாக்கில் பெரிய டைட்டன் கிரேன் ஒன்று வேலையில்லாமல் நிற்கிறது. ஜேம்ஸ் வாட் இந்த ஊரில்தான் பிறந்தார், 1736ல். கப்பல் கட்டிய ஊர், கப்பல் கட்டுவது நின்றுபோன ஊர். தெருவில் நடந்தால் இரண்டுமே தெரியும்.

2021ல் இந்த கிளப்பை ரசிகர்களே வாங்கினார்கள். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அமைப்பாகச் சேர்ந்து, அதன் மூலம் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அப்படி வாங்கிய வருடத்தின் சீசன்தான் 2021-22. பாதி சீசன் வரை அட்டவணையின் அடிப்பகுதியிலேயே கிடந்தார்கள். டிசம்பரில் டூகி இம்ரி மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, வந்தார், அப்புறம் ஏறி ஏறி ஏழாம் இடத்தில் முடித்தார்கள். கோப்பை கிடையாது, ஊர்வலம் கிடையாது, ஏழாம் இடம், அவ்வளவுதான். ஆனால் சொந்தப் பணத்தைப் போட்டு கிளப்பை வாங்கிய முதல் வருடமே அது மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் அந்த ஏழாம் இடத்தின் எடை தெரியும். இந்த லீக்கில் எனக்குப் பிடித்ததே இதுதான். முதலிடத்துக்கு ஒரே அணிதான் வர முடியும், ஆனால் மே மாதம் வரை எல்லோருக்கும் ஏதோ ஒன்று பணயத்தில் இருக்கும்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கிரீனக்கில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, குடையும் பிடிப்பதில்லை.

வியாழன், கில்மார்னக்

இன்றைய பதிவு நீளமாகத்தான் வரும்.

கில்மார்னக் கிளப் 1869ல் தொடங்கியது, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்று, 1965ல் நாட்டின் சாம்பியன். 1993லிருந்து 28 வருடம் தொடர்ந்து முதல் டிவிஷனிலேயே இருந்தவர்கள் 2021 மே மாதம் பிளே-ஆஃபில் டண்டீயிடம் தோற்று இறங்கினார்கள். ஊருக்கு அது இரண்டாவது அடி. ஜானி வாக்கர் விஸ்கி பிறந்த ஊர் இது, இங்கிருந்த பாட்டில் ஆலையை 2012ல் மூடினார்கள். ஸ்டேஷனிலிருந்து ரக்பி பார்க் மைதானத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு பேக்கரியில் ஸ்டீக் பை வாங்கிச் சாப்பிட்டேன். இந்த ஊர் பை ஸ்காட்லாந்து முழுக்கப் பிரசித்தம், மைதானத்தில் பாதிப் பேர் அதற்காகவே வருவார்கள் என்று கடையில் இருந்த அம்மா சொன்னார். மிளகு நன்றாகத் தெரிகிறது, சூடாகச் சாப்பிட வேண்டும்.

ரக்பி பார்க்கில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த சீசனில் செயற்கைப் புல். கேஃபீல்டில், அதாவது ஆர்ப்ரோத் மைதானத்தில், இருக்கைகளே ஆயிரத்தைத் தொடாது. மற்றவர்கள் நின்றுதான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு கிளப்பும் ஒரே அட்டவணையில் ஒரே கோப்பைக்கு மோதின என்பதை மைதானத்தின் வெளியே நின்று பார்க்கும்போதுதான் முழுதாக உணர முடிந்தது, டிவியில் அந்த அளவு வித்தியாசம் பிடிபடாது.

முழுநேர அணி, பெரிய செலவு, உடனே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம். அப்படியும் அந்த வருடம் கில்மார்னக் தடுமாறியது, மேனேஜரை மாற்றியது, 2022 ஜனவரியில் டெரெக் மெக்கின்னஸ் வந்தார். ஆர்ப்ரோத்துக்கும் ஜனவரியில் ஓர் அடி விழுந்தது. லிவிங்ஸ்டன் கிளப்பிலிருந்து கடனாக வந்து முன்வரிசையில் எல்லோரையும் அலைக்கழித்துக்கொண்டிருந்த ஜோயல் நூபிளை லிவிங்ஸ்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. சின்ன கிளப்புகளின் பெரிய பிரச்சினை இது. ஆளைக் கொண்டுவந்து, அவன் இந்த அணியில் நன்றாக ஆட ஆரம்பித்ததும், கொடுத்தவர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போன பின்னும் ஆர்ப்ரோத் சரியவில்லை என்பதை நான் இன்றைக்கும் வியந்துதான் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை இரவு. கடைசிக்கு முந்தைய சுற்று. கில்மார்னக் 64 புள்ளி, ஆர்ப்ரோத் 62. ஆர்ப்ரோத் வென்றால் ஒரு புள்ளி முன்னால் போய்விடும், டிராவானால் கடைசி நாள் வரை இழுக்கும், கில்மார்னக் வென்றால் அதோடு கதை முடிந்தது. முதல் கோலை அடித்தது ஆர்ப்ரோத். நான் வீட்டில் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கினால் போதும், ஒரு மீன்பிடி ஊரின் பகுதிநேர அணி ஒரே ஆட்டம் மீதமிருக்க அட்டவணையின் உச்சியில் நிற்கும். கடைசிக் கட்டத்தில் கில்மார்னக் சமன் செய்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிளேர் ஆல்ஸ்டன் அடித்த கோல், 2-1. இந்த மைதானத்தின் புல் தெரியாத அளவுக்குக் கூட்டம் உள்ளே இறங்கியது. ஆர்ப்ரோத் ஆட்கள் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வழி தேடி வெளியேற வேண்டியிருந்தது.

சீசன் முடிந்தபோது கில்மார்னக் 67, ஆர்ப்ரோத் 65. தோல்விகளை எண்ணிப் பாருங்கள்: கில்மார்னக் ஒன்பது ஆட்டம் தோற்றது, ஆர்ப்ரோத் ஐந்தே ஐந்து. ஆனால் ஆர்ப்ரோத் 14 ஆட்டங்களை டிரா செய்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று என்கிற கணக்கில் அந்த டிராக்கள்தான் கொன்றன. அதில் ஒன்றே ஒன்று வெற்றியாகியிருந்தால் இரண்டு புள்ளி கூடி 67, சமம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், கில்மார்னக் அதன்படி நியாயமாகத்தான் வென்றது. கடைசி நேரத்தில் பின்தங்கியிருந்தும் வந்து வென்ற அணியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2023-24ல் மெக்கின்னஸின் கில்மார்னக் பிரீமியர்ஷிப்பில் நான்காம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. அதே 2023-24ல் ஆர்ப்ரோத் சாம்பியன்ஷிப்பில் கடைசி இடத்தில் முடித்து மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. மெக்கின்னஸ் 2025 மே மாதம் ஹார்ட்ஸ் கிளப்புக்குப் போய்விட்டார்.

வெள்ளி, கிர்காடி, அப்புறம் டன்ஃபர்ம்லின்

எடின்பரோவிலிருந்து வடக்கே போகும் ரயில் ஃபோர்த் பாலத்தைக் கடக்கும், 1890ல் திறந்த அந்தச் சிவப்பு இரும்புப் பாலம். பெட்டியில் எல்லோரும் போனை எடுத்தார்கள், நானும் எடுத்தேன்.

கிர்காடி ஸ்டேஷனை நெருங்கும்போது ரயிலிலிருந்தே ஸ்டார்க்ஸ் பார்க் தெரியும், தண்டவாளம் மைதானத்தின் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டு போகிறது. ரெய்த் ரோவர்ஸ் அணி. 1994ல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக்கைப் பெனால்டியில் வென்று லீக் கோப்பையை எடுத்தவர்கள், அடுத்த வருடம் ஜெர்மனியின் ம்யூனிக்கில் பயர்ன் கிளப்புக்கு எதிராக இடைவேளை வரை 1-0 என்று முன்னிலையில் இருந்தவர்கள். ஆடம் ஸ்மித் பிறந்த ஊரும் இதுதான், ஆனால் ஊரில் எந்த வயதானவரைக் கேட்டாலும் ம்யூனிக் ஸ்கோர்போர்டைத்தான் முதலில் சொல்வார்கள் போல.

2021-22ல் இந்த கிளப்பின் கதை வேறு. ஜனவரி கடைசி நாளில் அவர்கள் ஒரு ஸ்ட்ரைக்கரை ஒப்பந்தம் செய்தார்கள். அவர் ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று 2017ல் சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஊர் கொதித்துவிட்டது. கிர்காடியில் பிறந்த எழுத்தாளர் வால் மெக்டெர்மிட் வாழ்நாள் ரசிகை, தன் ஸ்பான்சர்ஷிப்பை உடனே நிறுத்தினார். பெண்கள் அணியின் கேப்டன் விலகினார். கிளப்பில் சம்பளமில்லாமல் உழைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். சில நாட்களிலேயே கிளப் மன்னிப்புக் கேட்டு, அந்த ஆட்டக்காரர் தங்களுக்காக ஆடமாட்டார் என்று அறிவித்தது. கோல் அடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு, எது கிளப் என்று ரசிகர்கள் சொல்லிக்கொடுத்த வாரம் அது. ஸ்டார்க்ஸ் பார்க் வாசலில் நின்றபோது எனக்கு ம்யூனிக்கை விட அதுதான் பெரிதாகத் தெரிந்தது. ரெய்த் அந்த வருடம் ஐந்தாம் இடம், பிளே-ஆஃப் கிடைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் டன்ஃபர்ம்லின். ராபர்ட் த புரூஸ் மன்னர் அடக்கம் செய்யப்பட்ட அபே என்கிற பழைய மடாலயம் இங்கே இருக்கிறது, பார்த்தேன், பிரமாதம். ஈஸ்ட் எண்ட் பார்க் மைதானமும் பார்த்தேன். முழுநேர அணி, இரண்டு முறை ஸ்காட்டிஷ் கோப்பை வென்ற கிளப், அந்த சீசனில் மேலே போகும் என்று பேசப்பட்ட கிளப். ஒன்பதாம் இடத்தில் முடித்து, பிளே-ஆஃபில் குவீன்ஸ் பார்க்கிடம் தோற்று இறங்கியது. அதற்குக் கீழே பத்தாம் இடத்தில் டம்ஃப்ரீஸ் ஊரின் குவீன் ஆஃப் த சவுத், அவர்களும் இறங்கினார்கள். பகுதிநேர ஆர்ப்ரோத் இரண்டாம் இடத்தில், முழுநேர டன்ஃபர்ம்லின் வெளியே. பணம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து இந்த லீக்கைப் படிக்க முடியாது.

சனி, ஆர்ப்ரோத்

டண்டீக்கு முன்னால் டே பாலம், அதைக் கடந்து கடலோரமாகவே இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்டேஷனில் இறங்கியதும் காற்று. ஜூன் மாதம், வெயில் அடிக்கிறது, ஆனாலும் காற்று ஜாக்கெட்டை இழுக்கிறது.

மக்கள்தொகை 24,000 அளவில். 1320ல் ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை அறிவித்துப் போப்புக்கு எழுதிய கடிதம் இந்த ஊர் அபேயிலிருந்து போனது. துறைமுகத்துக்கு வந்தால் மரப்புகை வாசனை. ஹேடக் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, பீப்பாய்க்குள் மரக்கட்டை நெருப்பின் மேல் வைத்துப் புகையிலும் ஆவியிலும் வேக வைக்கிறார்கள். ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்று பெயர். இந்த ஊரைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம், 2004லிருந்து அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. காகிதத்தில் சுற்றி சூடாகக் கொடுத்தார்கள். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கையால் பிய்த்துத் தின்றேன். முள்ளை எடுத்துவிட்டால் சதை அப்படியே இதழ் இதழாக வருகிறது. நம் ஊர் கருவாடு மாதிரி உப்புக் கரிக்காது, உள்ளே இன்னும் ஈரம் இருக்கும்.

அப்புறம் கேஃபீல்ட். ஒரு பக்கத்துச் சுவரைத் தாண்டினால் நடைபாதை, அதைத் தாண்டினால் வட கடல். ஐரோப்பாவிலேயே கடலுக்கு மிக அருகில் இருக்கிற கால்பந்து மைதானம் என்று சொல்கிறார்கள், சுவரின் மேல் கை வைத்து நின்றால் நம்பாமல் இருக்க முடியாது. குளிர்காலப் புயல் நாளில் அலை சுவர் மேல் ஏறி உள்ளே தெறிக்கும். மூன்று பக்கம் நின்று பார்க்கும் படிகள், இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி அடிக்கப் போகும் கோல் பக்கத்துக்கு நடந்து இடம் மாறிக்கொள்வார்கள். 1885 செப்டம்பர் 12ல் ஆர்ப்ரோத் இங்கே பான் அக்கார்ட் அணியை 36-0 என்று வென்றது, அதில் ஜாக்கி பெட்ரி மட்டும் 13 கோல். உலகம் முழுக்க இந்த கிளப்பைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு ஸ்கோருக்காகத் தெரிந்தவர்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. எதிரணி கிட்டத்தட்ட ஆடத் தெரியாமல் வந்தவர்கள். 2021-22ல் அடித்த ஒவ்வொரு கோலும் அந்த 36ஐ விடக் கஷ்டமானது.

ஞாயிறு, ஆர்ப்ரோத்

நேற்று எழுதியதைப் படித்த ஒரு நண்பர், பகுதிநேர அணி என்றால் சரியாக என்ன என்று கேட்டிருந்தார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், மீதி நேரம் அவரவர் வேலை. பாபி லின் குப்பை வண்டியில் வேலை பார்த்தவர், விடியற்காலையில் எழுந்து தெருத்தெருவாகப் போய்விட்டு சாயங்காலம் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஓடுவார். ஊரில் அவருக்குத் தனி மரியாதை. அந்த சீசனில் நிறைய கோல் அடித்த மைக்கேல் மெக்கென்னாவை மற்ற கிளப்புகளின் ஆட்டக்காரர்களே வாக்களித்து சாம்பியன்ஷிப்பின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். எதிரணிகள் தினமும் காலையில் பயிற்சி, சாப்பாட்டுக்கு ஆள், ஓய்வுக்கு நேரம் என்று இருப்பவர்கள். இன்வர்னஸில் செவ்வாய் இரவு ஆட்டம் என்றால் ஆர்ப்ரோத் ஆட்கள் வேலையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏற வேண்டும்.

இதையெல்லாம் கட்டி இழுத்தவர் டிக் கேம்ப்பெல். தட்டைத் தொப்பி, உரத்த குரல், 1953ல் பிறந்தவர், அந்த சீசனில் வயது 68. பக்கத்திலேயே இரட்டைச் சகோதரர் இயன் உதவியாளர். 2016ல் வந்தபோது ஆர்ப்ரோத் நான்காம் டிவிஷனில் இருந்தது. 2017ல் அதை வென்றார்கள், 2019ல் மூன்றாம் டிவிஷனையும் வென்றார்கள், 2022ல் இங்கே இரண்டாம் இடம். ஆர்ப்ரோத் கடைசியாக முதல் டிவிஷனில் ஆடியது 1974-75ல். ஐந்து வருடத்தில் நான்காம் டிவிஷனிலிருந்து பிரீமியர்ஷிப்பின் வாசல்படி வரை, சம்பளத்துக்காக வேறு வேலை பார்ப்பவர்களை வைத்துக்கொண்டு.

காலையில் கேஃபீல்ட் பக்கம் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று பேசினார். எழுபதைத் தாண்டியிருப்பார். 1975ல் கடைசியாக முதல் டிவிஷன் பார்த்தவர். ஏப்ரல் 22 இரவு அவரும் கில்மார்னக்கில் இருந்திருக்கிறார். கோல் விழுந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் அழவில்லை, பாடிக்கொண்டே வந்தோம் என்றார். மே 13தான் வலித்தது என்றார்.

அந்த மே 13க்கு வருகிறேன். இரண்டாம் இடம் பிடித்ததால் ஆர்ப்ரோத் பிளே-ஆஃப் அரையிறுதிக்குப் போனது, எதிரே மூன்றாம் இடத்து இன்வர்னஸ். முதல் ஆட்டம் இன்வர்னஸில் 0-0. இரண்டாவது இங்கே கேஃபீல்டில், வெள்ளி இரவு. இன்வர்னஸ் ஆட்கள் இரண்டு பேருக்கு ரெட் கார்டு, ஒன்பது பேராகக் குறைந்தார்கள். அப்படியும் கோல் விழவில்லை, கூடுதல் நேரத்திலும் விழவில்லை. பெனால்டியில் இன்வர்னஸ் 5-3. ஒன்பது பேருக்கு எதிராக ஒரே ஒரு கோல் போதும். 36 ஆட்டத்தில் ஐந்து மட்டுமே தோற்ற அணிக்கு அந்த ஒரு கோல் கிடைக்கவில்லை.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன், இந்த ஏற்பாடு நியாயமில்லை. இரண்டாம் இடத்துக்காரர் மேலே போக நான்கு ஆட்டம் ஆட வேண்டும், மூன்றாம் நான்காம் இடத்துக்காரர்கள் ஆறு. மேலேயிருந்து வரும் 11ஆம் இடத்துக்காரர் இரண்டே ஆட்டம், அதுவும் கடைசி ஆட்டம் அவர் மைதானத்தில். ஏற்கெனவே இரண்டோ நான்கோ பிளே-ஆஃப் ஆட்டம் ஆடிக் களைத்து வருபவர்கள் மீது அவர் புதிதாக இறங்குவார். 2014லிருந்து 2025 வரை நடந்த பதினொரு இறுதிச் சுற்றுகளில் கீழேயிருந்து வந்தவர் வென்றது நான்கு முறைதான்: 2014ல் ஹாமில்டன், 2018ல் லிவிங்ஸ்டன், 2021ல் டண்டீ, இப்போது 2025ல் மறுபடி லிவிங்ஸ்டன். நால்வருமே இரண்டாம் இடத்தில் முடித்தவர்கள், மூன்று நான்கிலிருந்து ஒருவரும் ஏறியதில்லை. பிரீமியர்ஷிப்பில் பன்னிரண்டு அணிகள் இருக்கின்றன. முதல் இரண்டு இடங்களை நேராக மேலே அனுப்பினால் என்ன கெட்டுவிடும்? 11ஆம் இடத்தில் முடித்த அணி அந்த ஒரு வருடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டது, அதற்கு ஏன் இன்னொரு வாய்ப்பு? விதிகளை மாற்ற வாக்குப் போடுபவர்களில் மேலே இருக்கும் கிளப்புகளின் குரல்தான் ஓங்கியது, தாங்கள் விழும்போது பிடித்துக்கொள்ளும் கயிறை அவர்களே அறுக்கமாட்டார்கள். எனக்கு அது புரிகிறது, ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

திங்கள், இன்வர்னஸ்

அபர்டீன் போய் ரயில் மாறி வந்தேன், காலையில் கிளம்பி மதியம் ஆகிவிட்டது. இந்தத் தூரத்தைத்தான் ஆர்ப்ரோத் ஆட்கள் வேலைநாளில் பஸ்ஸில் வந்துபோனார்கள்.

இன்வர்னஸ் கலிடோனியன் திஸ்ஸில் 1994ல் இரண்டு உள்ளூர் கிளப்புகளைச் சேர்த்து உருவான அணி. மைதானம் மோரே கடற்கழியின் கரையில், கெஸக் பாலத்துக்கு அடியில். 2000ல் செல்டிக்கை அவர்கள் ஊரிலேயே 3-1 என்று வென்றார்கள், 2015ல் ஸ்காட்டிஷ் கோப்பையை எடுத்தார்கள். ஆர்ப்ரோத்தை வென்ற 2022ல், இறுதிச் சுற்றில் செயின்ட் ஜான்ஸ்டனை இங்கே 2-2 என்று நிறுத்திவிட்டு, எதிரணியின் ஊரான பெர்த்தில் 4-0 என்று தோற்றார்கள். 2024ல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அதே வருடம் அக்டோபரில் பணமில்லாமல், கடனில் மூழ்கிய நிறுவனங்களுக்கு நியமிக்கப்படும் நிர்வாகியின் கைக்குப் போய், அதற்காக லீக்கில் 15 புள்ளி பறிக்கப்பட்டு, இந்த மே மாதம் எப்படியோ நான்காம் டிவிஷனுக்கு விழாமல் தப்பித்தார்கள். கார் பார்க்கிங் காலியாகக் கிடந்தது. மே 13 இரவில் ஒன்பது பேராக நின்று தாங்கிய அணி மீது எனக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். இல்லை. இந்த ஊருக்காக இந்த கிளப் மறுபடி மேலே வர வேண்டும்.

ஆர்ப்ரோத்தின் கணக்கு இப்படிப் போனது: 2023 நவம்பரில் டிக் கேம்ப்பெல் விலகினார், அந்த சீசன் முடிவில் அணி இறங்கியது. சென்ற சீசனில் டேவிட் கோல்டும் காலின் ஹாமில்டனும், இருவருமே அணியில் ஆடியவர்கள், சேர்ந்து மேனேஜர்களாகப் பொறுப்பேற்று மூன்றாம் டிவிஷனை வென்று கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஆர்ப்ரோத் மறுபடி சாம்பியன்ஷிப்பில் இருக்கும். பார்டிக் திஸ்ஸில், மோர்டன், ரெய்த், டன்ஃபர்ம்லின் எல்லோரும் அங்கேதான். மேலேயிருந்து இறங்கி வருபவர்கள் இரண்டு பேர். ஒன்று, 2023ல் திஸ்ஸிலை அழவைத்த ராஸ் கவுன்ட்டி. இன்னொன்று, 2022ல் இன்வர்னஸைத் தாண்டி பிரீமியர்ஷிப் இடத்தைக் காப்பாற்றிக்கொண்ட செயின்ட் ஜான்ஸ்டன். அவர்கள் இரண்டு முறை கேஃபீல்டுக்கு வந்தாக வேண்டும். அட்டவணை இந்த மாதம் வெளியாகிவிடும், அதில் குளிர்காலத்தில் விழுகிற ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப்போகிறேன். கூட வருகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், ஆர்ப்ரோத்தில் தங்க இடங்கள் அதிகம் இல்லை.